ஹோலஷோவிட்சே: கோட்டையும் பெரிய தேவாலயமும் இல்லாத ஒரு செக் கிராமம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏன் இருக்கிறது?

நீங்கள் கேட்டது இது. செக் நாட்டில் செஸ்கி க்ரும்லோவ் போகிறீர்கள். வழியில் ஹோலஷோவிட்சே என்று ஓர் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதைப் பார்த்தீர்கள். குடியிருப்பவர்கள் நூற்று நாற்பது பேர் அளவில்தான். கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, பெரிய தேவாலயம்கூட இல்லை. படத்தில் வண்ணம் பூசிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது, அரை நாள் ஒதுக்கலாமா என்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: பல தலைமுறை அங்கே வாழ்ந்தவர்கள் ஜெர்மன் பேசியவர்கள் என்றால் அதைச் செக் கிராமம் என்பது சரியா? எனக்கு இந்த இரண்டாவதுதான் நிஜமான கேள்வியாகப் படுகிறது. முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். சுண்ணாம்புக் காரை வேலை கற்றுக்கொள்ளச் செக் நாட்டின் தெற்கு வட்டாரமான தென் பொஹீமியாவில் தங்கியிருந்தபோது அந்த வட்டாரத்து ஊர்களோடு பழக்கம் ஏற்பட்டது. ஆகவே சுவர், கூரை, மனை பற்றி நான் சொல்வதை நம்பலாம். அங்கிருந்த மக்களின் பாட்டு, பேச்சு வழக்கு, சடங்கு பற்றியெல்லாம் சொல்ல எனக்குப் பயிற்சி கிடையாது; அங்கே நான் உங்களைப் போல ஒரு வாசகன்தான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிடலாம். 1998-ல் இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தது வீட்டு முகப்புகளின் அழகுக்காக மட்டும் அல்ல. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள் இடைக்காலத்து மனை வரைபடத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் காரணம். அழகான முகப்பு வேண்டுமானால் சுற்றுவட்டாரத்தில் ப்ளாஸ்டோவிட்சே, ஸ்புடோவ் என்று வேறு ஊர்களிலும் பார்க்கலாம். ஆனால் ஊர் முழுக்க, இடையில் ஒரு பல் விழாத மாதிரி, 23 பண்ணை வீடுகளும் அவற்றைச் சேர்ந்த 120 கட்டடங்களுமாக ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பது இங்கேதான்.

அந்த வரைபடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், போனால் கண்ணுக்குப் புலப்படும். நடுவே சுமார் 200 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உள்ள ஒரு புல்வெளி மந்தை, அதாவது ஊர்ப் பொதுத் திடல். அதில் ஒரு குளம், ஒரு கொல்லன் பட்டறை, ஒரு சிலுவை, ஒரு சின்னச் சிற்றாலயம். மந்தையின் இரு பக்கமும் பண்ணை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மந்தையைப் பார்த்த பக்கம் குறுகலானது. மனை பின்பக்கமாக நீண்டு போகிறது. முன்னால் வீடும் முற்றமும், அதற்குப் பின்னால் குறுக்கே கதிரடிக்கும் கொட்டகை, அதற்கும் பின்னால் கொல்லைத் தோட்டம், அதற்கப்பால் வயல். மாடு தண்ணீருக்குக் குளத்துக்கு வர வேண்டும், வண்டி வயலுக்குப் போக வேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் கிட்டே இருக்க வேண்டும், மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் கால்நடையை ஓரிடத்தில் கூட்ட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துப் போட்ட திட்டம் அது.

ஒரு பண்ணை வீட்டின் முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். மந்தையை நோக்கி இரண்டு கோம்பைச் சுவர்கள் தெரியும்; அதாவது ஓட்டுக் கூரையின் இரு சரிவும் சேரும் முக்கோணப் பக்கம். ஒன்று குடியிருக்கும் வீடு, மற்றது தானியக் கிடங்கு அல்லது முதியவர் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மதில், அதில் வண்டி நுழைய வளைவு வைத்த பெரிய வாசல், பக்கத்தில் ஆள் நுழைய ஒரு சின்ன வாசல். குடியிருப்பின் கீழ்ப்பகுதியில் ஜன்னல்கள் பெரிதாக இருக்கும். கிடங்குப் பக்கம் திறப்புகள் சின்னதாக, காற்றுக்கு மட்டும். மேலே பரணுக்குக் காற்று போக இரண்டு மூன்று துளைகள், நடுவில் ஒரு மாடக்குழி, சில வீடுகளில் அதில் ஒரு புனிதர் உருவம். விளிம்புகள் அலை போலவோ மணி போலவோ வளைந்து இறங்கும். உள்ளே போனால் நடை, ஒரு பக்கம் குடும்பம் முழுதும் புழங்கும் அறை, புகை நேரே மேலே போகும் இருட்டுச் சமையலறை; அதே கூரை நீண்டு போய் அதன் கீழே மாட்டுத் தொழுவம். மனிதனும் மாடும் ஒரே நீளக் கட்டடத்தில்தான்.

மேலே சொன்ன முதியவர் குடியிருப்பு என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் தாண்டிப் போய்விடும். என் கணிப்பில் ஊரின் வடிவம் மாறாமல் இருந்ததற்கு அதில் ஒரு சாவி இருக்கிறது. பொஹீமியாவில் பண்ணையைப் பாகம் பிரிப்பது வழக்கமில்லை. ஒரு வாரிசு முழுப் பண்ணையையும் எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்களுக்குப் பணமாகக் கொடுத்துத் தீர்ப்பார். கை மாற்றிக் கொடுத்த தாய் தகப்பன் அதே முற்றத்தில் எதிர்ப்பக்கச் சின்ன வீட்டுக்குக் குடிபோவார்கள். இதை அன்பை நம்பி விடவில்லை. ஒப்பந்தமாக எழுதிப் பதிந்தார்கள். வருஷத்துக்கு இவ்வளவு ரை தானியம், இவ்வளவு பால், இவ்வளவு விறகு, தோட்டத்தில் இந்த மரத்தின் பழம் என்கிற அளவுக்கு விவரமாக. அதனால் ஒரு மனை இரண்டாக, நான்காக உடையவில்லை. நடுவில் சுவர் எழும்பவில்லை. பிரிவினை நடந்திருந்தால் இருநூறு வருஷத்தில் அந்த வரைபடத்தில் அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

இனி வரலாறு. ஊரின் பெயர் முதலில் ஆவணத்தில் வருவது 1263-ல். 1292-ல் அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் இதை வேறு சில ஊர்களோடு சேர்த்து விஷ்ஷி ப்ரோத் ஊரில் உள்ள சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்துக்குக் கொடுத்தார். அந்த மடம் 1259-ல் ரோஷும்பெர்க் குடும்பத்து வோக் நிறுவியது. 1848 வரை ஊர் அந்த மடத்துக்குச் சொந்தம். ஒரே நிலக்கிழார் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது இன்னொரு வகையில் நமக்கு நல்லது: பதிவேடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. 1520-க்கும் 1525-க்கும் இடையில் கொள்ளை நோய் வந்து ஊரைத் துடைத்துவிட்டது. இரண்டே பேர் தப்பினார்கள் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஊர் ஏறக்குறைய ஆளில்லாமல் போனது உறுதி. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு கொள்ளைநோய்த் தூண் நிற்கிறது. 'இரண்டே பேர்' என்கிற துல்லியத்தை மட்டும் நான் சற்றுத் தள்ளி வைத்துத்தான் படிப்பேன், அது ஊர் தன் கதையைச் சொல்லிக்கொள்ளும் விதம். பிறகு மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. 1530 பதிவேட்டில் 17 பெயர்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பதிவில் பெயர் என்பது தலைக்கட்டு என்றே நான் படிக்கிறேன். பெண்டு பிள்ளைகளை யாரும் எண்ணி எழுதுவதில்லை.

புதிதாக வந்தவர்கள் பழைய மனைகளிலேயே உட்கார்ந்தார்கள் என்பது முக்கியம். மடத்துக்கு வரி மனை வாரியாக வர வேண்டும். மனையை மாற்றினால் கணக்கு கெடும். ஆக ஆட்கள் மாறினாலும் அளவு மாறவில்லை. நாம் பாரம்பரியம் என்று கொண்டாடும் பல விஷயங்களைக் காப்பாற்றியது இப்படி ஒரு கணக்குப்பிள்ளையின் பிடிவாதம்தான்.

இப்போது நிற்கும் முகப்புகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை எழுந்தவை. இந்தப் பாணிக்கு 'தென் பொஹீமிய உழவர் பரோக்' என்று பெயர். பரோக் என்பது வளைவும் அலங்காரமும் மிகுந்த ஐரோப்பியக் கட்டடப் பாணி. நகரங்களில் பரோக் ஓய்ந்து இரண்டு தலைமுறைக்குப் பிறகு கிராமத்தில் அது பூக்கிறது. காரணம் ரசனை பின்தங்கியிருந்தது அல்ல. தீ விபத்துக்குப் பயந்து அரசு மரவீட்டைக் கைவிடச் சொன்னது, புகைபோக்கி கட்டாயமானது, செங்கல் விலை எட்டக்கூடியதாக ஆனது. பிறகு 1848-ல் நிலக்கிழாருக்குச் செய்த வெட்டி ஊழியம் ஒழிந்து உழவன் கையில் காசு தங்கியது. தேவாலயங்களிலும் மடத்துக் கட்டடங்களிலும் வேலை பார்த்து, அந்த வளைவுகளைக் கையில் ஏற்றிக்கொண்ட கொத்தனார்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் அலை வைத்தால் நான் இரட்டை அலை வைப்பேன் என்கிற போட்டியும் சேர்ந்தது. யாகுப் புர்சா (1813–1884) என்ற கொத்தனார் பெயர் இந்தப் பாணியோடு அடிக்கடி வரும். அவர் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து மேற்கே வ்லாகோவோ ப்ர்ஷெஸீ பக்கம் போக வேண்டும், ஹோலஷோவிட்சேயில் தேடாதீர்கள்.

தொழில் ரீதியாக இரண்டு எச்சரிக்கை. கோம்பைச் சுவரில் சுதையில் எழுதியிருக்கும் ஆண்டை வீடு கட்டிய ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் முகப்பைப் புதுப்பித்த ஆண்டு. பின்னால் இருக்கும் கருங்கல் சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். அதே போல இன்று காணும் மஞ்சள், வெளிர்பச்சை, நீலம் எல்லாம் அன்றைய நிறம் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பழைய சுவரில் சுண்ணாம்பு வெள்ளை அடுக்கடுக்காக இருக்கும். ஒரு சின்னச் சதுரத்தைக் கத்தி முனையால் அடுக்கு அடுக்காகச் சுரண்டிப் பார்த்தால்தான் எந்தக் காலத்தில் எந்த நிறம் என்று தெரியும். எல்லா வீட்டுச் சுவரும் அப்படிச் சுரண்டக் கிடைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் சிமென்ட் பூசிய இடங்களில் பழைய அடுக்கு அதோடு போய்விடும். சிமென்ட் போட்டதால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் அடைபடும். உப்புப் பூத்து, அழகான சுதை வேலை பாளம் பாளமாகக் கழன்று விழும். தரைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் காரை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். (தயவுசெய்து நீங்கள் தட்ட வேண்டாம், உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள்.)

எந்த வீடு எப்போது மரத்திலிருந்து கல்லுக்கு மாறியது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிலவரிக்காக ஆஸ்திரியப் பேரரசு 1826 முதல் 1843 வரை பொஹீமியா முழுவதையும் 1:2880 அளவில் அளந்து வரைபடம் போட்டது. அதில் தீப்பிடிக்காத கல், செங்கல் கட்டடத்துக்குச் சிவப்பு, தீப்பிடிக்கும் மரக் கட்டடத்துக்கு மஞ்சள். செக் நில அளவைத் துறை இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போகும் முன் இதைத் திறந்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். குளம், மந்தை, மனைகளின் நீள வாட்டம் எல்லாம் பொருந்தி வருவதைப் பார்த்தால் யுனெஸ்கோ ஏன் மயங்கியது என்று என் விளக்கம் இல்லாமலே புரியும்.

மந்தையில் இருக்கும் சிற்றாலயம் 1755-ல் கட்டியது, நேபோமுக் ஊர்ப் புனித யோவானுக்கு. 1393-ல் அரசர் நான்காம் வாட்ஸ்லாவின் ஆணையால் பிராகா (பிராக்) நகரப் பாலத்திலிருந்து வல்டாவா ஆற்றில் எறியப்பட்டவர். 1729-ல் புனிதர் பட்டம் பெற்றார். அதன் பின் பொஹீமியாவில் பாலம், குளம், சந்தி என்று எங்கே அவர் சிலையை வைக்காமல் விட்டார்கள்? கட்டடம் சின்னது, மணி போன்ற வளைவுக் கோம்பை, மேலே மணி தொங்கும் சின்னக் கூண்டு. ஊரின் மற்ற முகப்புகளின் வளைவுக்கு இதுதான் முன்மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. காலக்கணக்கு ஒத்துவருகிறது, அதற்கு மேல் ஆதாரம் கேட்டால் கையில் ஒன்றும் இல்லாத வாதம் அது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 1895-ல் இங்கே 157 பேர் ஜெர்மானியர், 19 பேர் செக். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். இந்த ஊர்க்காரர்களும் அதில் போனார்கள். பல பண்ணைகள் பூட்டிய நிலையில் நின்றன. 1948-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து நாடெங்கும் வயல்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்தது. வரப்புகளை உழுது அழித்தார்கள். வீட்டைப் பெரிதாக்கிக் கட்ட யாருக்கும் காசும் இல்லை, ஆர்வமும் இல்லை. மற்ற ஊர்களில் பழைய முகப்பை இடித்து, அகல ஜன்னலும் தட்டைக் கூரையுமாக மாற்றிய அதே பத்தாண்டுகளில் இங்கே வீடுகள் வெறுமனே சிதைந்துகொண்டிருந்தன. பராமரிப்பு இல்லாத வீடு இருபது முப்பது வருஷம் நிற்கும். ஆனால் புதுப்பித்துத் தள்ளிய வீடு ஒரு கோடையில் அழிந்துவிடும். ஆகவே நேராகச் சொல்கிறேன்: இந்த ஊர் இப்படி மிஞ்சியதற்குக் காரணம் இரண்டு தடவை காலியானது. கொள்ளை நோயில் காலியானபோது மடத்துக் கணக்கு மனையைக் காத்தது. 1945-க்குப் பின் காலியானபோது கைவிடப்பட்டதே முகப்பைக் காத்தது. 1990-க்குப் பின் மக்கள் வந்து செப்பனிட்டுக் குடியேறினார்கள். 1995-ல் செக் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கிராமமாக அறிவித்தது. யுனெஸ்கோ மூன்று வருஷம் கழித்து வந்தது.

செக் மரபா, ஜெர்மன் மரபா என்றால், மனை வரைபடம் கொள்ளை நோய்க்கு முந்தையது. சுவர்களைக் கட்டவைத்துக் குடியிருந்தவர்கள் ஜெர்மன் பேசியவர்கள். அந்தப் பாணியோ இரு மொழி ஊர்களிலும் பொதுவாக இருந்தது, செக் பேசும் பக்கத்து ஊர்களிலும் இதே கோம்பைதான். இன்று ஓடு மாற்றிக் காரை பூசுபவர்கள் செக் மக்கள். ஒரு மொழியின் பெயரை மட்டும் ஒட்டினால் பொய்யாகிவிடும் என்பது என் நிலை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கட்டடம் மிஞ்சியது, கட்டடத்தோடு இருந்தது போய்விட்டது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு என்று ஒரு பெயர் உண்டு. குடியிருப்பவர் குடும்பப் பெயர் எதுவானாலும் ஊரார் வீட்டின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மன் குடும்பங்கள் போனதும் அந்தப் பெயர்கள் ஆவணத்தில் மட்டும் தங்கின. 1989-க்குப் பின் வந்த சொத்து மீட்புச் சட்டங்கள் 25 பிப்ரவரி 1948-க்குப் பின் பறிக்கப்பட்டதைத்தான் திருப்பித் தந்தன. வெளியேற்றம் அதற்கு முந்தையது, எனவே அவர்கள் தங்கள் வீடுகளை மீட்க அந்தச் சட்டங்களில் வழியில்லை. தகவல் பலகைகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடும். நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய வரி அதுதான்.

ஊரின் ஓரத்தில் ஒரு கல்வட்டம் இருக்கும், படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். அது 2008-ல் ஊர்க்காரர் ஒருவர் தன் நிலத்தில் நட்டது. பழங்காலச் சின்னம் என்று இணையத்தில் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பக்கத்து ஸ்புடோவ் ஊரில் யாகுப் குபாட்டா என்ற உழவரின் நினைவுச்சின்னம் உண்டு. மேய்ச்சல் நில எல்லைக்காக வழக்காடி 1581-ல் தலை வெட்டுண்டார் என்பது ஊர் வழக்கு. சின்னம் வைத்தது 1904-ல். அதைப் பார்த்தால் பதினாறாம் நூற்றாண்டைவிட 1904-ன் செக் தேசிய உணர்ச்சியைத்தான் அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

பட்டியலில் இல்லாத செக் கிராமங்களைத் தாழ்வாக எண்ணிவிடாதீர்கள். 1920 சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் ஊர் நடப்பை எழுதும் ஒரு வரலாற்றுக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். இன்றும் 2006 சட்டப்படி அது தொடர்கிறது. வெள்ளம், விளைச்சல், யார் வீட்டில் தீ, புதுத் தீயணைப்பு வண்டி எல்லாம் அதில் இருக்கும். எத்தனையோ ஊர்களில் 1914–18 போரில் ஆஸ்திரியப் படையில் செத்த உள்ளூர்க்காரர்களின் பெயர்க்கல் நிற்கும். மக்கள்தொகையை வைத்து அந்தப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தன்னார்வத் தீயணைப்புச் சங்கம், மே மாதக் கம்பம் நடுதல், தவக்காலத்துக்கு முந்தைய வேட ஊர்வலம் எல்லாம் இப்போதும் நடக்கிற சமாச்சாரங்கள். இதுபற்றி விவரமாகச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

போவது பற்றி: அரை நாள் போதும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஓடிவருவதாக இருந்தால் வேண்டாம். பக்கத்துப் பெரு நகரமான செஸ்கே புடேயோவிட்சேயிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்து உண்டு, சனி ஞாயிறுகளில் குறைவு, ஐடோஸ் (IDOS) என்ற செக் பேருந்து, ரயில் நேர அட்டவணைத் தளத்தில் திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மந்தையில் நடக்கக் கட்டணம் இல்லை. பண்ணைகளில் பெரும்பாலானவை தனியார் வீடுகள். பழைய பண்ணை வாழ்க்கையைக் காட்டும் ஒரு முற்றம் பார்வைக்கு இருக்கிறது, உள்ளே பார்க்க அங்கே போங்கள். ஜூலை இறுதியில் உழவர் திருவிழா நடக்கும்போது கைவினைக் கடைகளும் கூட்டமும் நிறைந்திருக்கும். கட்டடம் பார்க்க அந்த நாட்கள் சரிப்படாது, மற்றபடி நல்ல வேடிக்கை. முகப்புகளைப் பார்த்து முடித்தபின் கொட்டகைகளுக்குப் பின்னால் போகும் பாதையில் ஒரு சுற்று வாருங்கள். பெரும்பாலான பயணிகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. பூசாத சுவரும், கொல்லைத் தோட்டமும், மனையின் முழு நீளமும் அங்கேதான் தெரியும்.